அக்கானிக் கலயமும் கடலடிச் சுண்ணாம்பும்

எங்கள் பக்கத்தில் பனையேறுகிறவர்கள் கலயத்தைப் பாளையில் கட்டுவதற்கு முன்னால் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள். தடவினால் காலையில் இறங்குவது அக்கானி, வெளியூர்க்காரர்களுக்குப் பதநீர். தடவாமல் விட்டால் அதே பனை, அதே பாளை, ஆனால் விடிவதற்குள் புளிக்க ஆரம்பித்துக் கள்ளாகிவிடும். ஒரு விரல் சுண்ணாம்புதான் வித்தியாசம். அந்தச் சுண்ணாம்பும் அப்போதெல்லாம் கடலில் இருந்துதான் வந்தது, சிப்பியை அள்ளிக் காளவாசலில் போட்டு நீற்றி எடுத்தது. இப்போது பனையேறுகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், சிப்பி நீற்றுகிற காளவாசலைப் பார்ப்பதும் அரிது, பாக்கெட்டில் வருகிற சுண்ணாம்பு எந்த மலையை உடைத்ததோ தெரியாது (அந்த மலையும் ஒரு காலத்தில் பெரும்பாலும் கடலடியாகத்தான் இருந்திருக்கும்). அது வேறு கதை. நான் சொல்ல வந்தது என்னவென்றால், கடலுக்குள்ளேயும் இதே கலய வேலை நடக்கிறது, அங்கே சுண்ணாம்பு தடவுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் குண்டூசித் தலையைவிடச் சிறியவர்கள், இன்றைக்கு நெருக்கடி அவர்களுக்கு.

சொத்தவிளைக் கடற்கரையில் அலை ஏறி இறங்குகிற வரியில் இருந்து ஒரு சிட்டிகை மணலை எடுத்து, கழுவிக் காயவைத்து, கறுப்புத் தாளில் பரப்பிப் பார்த்தேன். கையில் இருந்தது நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ், பத்து மடங்கு பெரிதாகக் காட்டும். முதலில் எல்லாம் கல்தான். கண்ணாடிச் சில்லு மாதிரி குவார்ட்ஸ், மாதுளை முத்து நிறத்தில் கார்னெட், கறுப்பாக மினுங்கும் இல்மனைட், இடையிடையே சிப்பி உடைந்த தூள். பத்து நிமிஷம் கண் பழகிய பிறகு ஒன்று தனியாகத் தெரிந்தது. அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நத்தை ஓடு போலச் சுருண்டு, ஆனால் சுருளுக்குள்ளே வயலில் வரப்பு வெட்டினது போல அறை அறையாக. நத்தை ஓட்டுக்குள் இருப்பது ஒரே நீளக் குழல், தடுப்பே கிடையாது. இதில் ஒவ்வொரு அறையும் தனி, ஓர் அறையில் இருந்து இன்னொன்றுக்குப் போக ஒரு சின்னத் துளை. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர் கட்டிய வீடு அது. பெயருக்கே லத்தீனில் துளை சுமப்பது என்றுதான் அர்த்தம். சுருக்கமாக ஃபோராம் என்றே சொல்லிக்கொள்வோம்.

மூளை இல்லை, வயிறு இல்லை, ஒரே ஒரு செல். அது சிலந்தி வலை மாதிரி நூல்நூலாகத் தன் உடம்பையே வெளியே நீட்டி, பாசியையும் பாக்டீரியாவையும் அழுகல் துணுக்குகளையும் பிடித்துத் தின்கிறது. உடம்பு பெருத்து இடம் போதாமல் ஆனால் பழைய அறையை ஒட்டிப் புதிதாக ஓர் அறை கட்டிக்கொள்கிறது. நம் ஊரில் கல்யாணம் ஆக ஆக வீட்டுக்குப் பின்னால் அறை இழுத்துக் கட்டுவது மாதிரிதான். இவற்றை நத்தையும் புழுவும் இறாலும் சின்ன மீன்களும் தின்கின்றன. செத்தால் ஓடு மணலோடு மணலாகிவிடும். கேம்ப்ரியன் காலத்தில் இருந்து, அதாவது 50 கோடி ஆண்டுகளுக்கு மேலாக, இந்தக் கட்டட வேலை நிற்காமல் நடந்துவருகிறது.

கன்னியாகுமரியில் மணல் பாக்கெட் விற்கிறவர்களிடம் கேட்டால் அந்த அரிசி மணலுக்கு ஒரு கதை சொல்வார்கள். குமரி அம்மனுக்கும் சுசீந்திரம் தாணுமாலயனுக்கும் நடக்க வேண்டிய கல்யாணம் நின்றுபோனது, சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிப்போனது என்று. இதைப் போலவே எகிப்தில் ஒரு கதை இருந்திருக்கிறது. ஸ்ட்ரேபோ என்ற கிரேக்கப் பயணி 2,000 ஆண்டுகளுக்கு முன்னால் பிரமிடுகளைப் பார்க்கப் போனபோது, கல் சில்லுகளுக்கு நடுவில் பருப்பு போல வட்டவட்டமாகக் கிடந்ததைக் காட்டி, பிரமிடு கட்டின வேலைக்காரர்கள் தின்றது போக மிச்சம் கல்லாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் நம்பவில்லை. அவை நம்முலைட் என்ற பெரிய வகை ஃபோராம்களின் ஓடுகள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து சுண்ணாம்புக் கல்லானவை. பிரமிடே இந்த ஒற்றைச் செல்காரர்கள் போட்ட கல்லில் எழும்பியதுதான். சாப்பாட்டுப் பருப்பு கல்லாவதைவிட நம்பக் கஷ்டமான விஷயம் இது என்பது என் கருத்து.

சரி, நெருக்கடிக்கு வருவோம். கரியமிலவாயு என்ற பழைய தமிழ்ப் பெயரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது, தண்ணீரில் கரைந்தால் அமிலமாகிற வாயு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. ஹவாயில் மௌனா லோவா மலையில் 1958-ல் தொடர்ச்சியாக அளக்க ஆரம்பித்தபோது 315 பக்கம். இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் எரித்து விடுகிற வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது, இல்லாவிட்டால் வெயில் இன்னும் மோசமாக இருந்திருக்கும். வாங்கிக்கொண்டதற்கு விலை உண்டு. நீர் அமிலமா காரமா என்று காட்டுகிற அளவுக்கு பி.ஹெச். என்று பெயர், கடலின் மேல்மட்ட நீரில் அது 8.2-ல் இருந்து 8.1-க்கு இறங்கியிருக்கிறது. புள்ளி ஒன்றுதானே என்று தோன்றும், ஆனால் அந்த அளவுகோல் பத்தின் மடங்கில் போகிறது, புள்ளி ஒன்று இறங்கினால் அமிலத் தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் 26 சதவீதம் கூடிவிட்டன என்று கணக்கு. இப்படியே எரித்துக்கொண்டு போனால் நூற்றாண்டு முடிவில் 7.8 பக்கம் போகலாம்.

இங்கே ஒருவர் கேட்பார்: ஏழுக்குக் கீழே போனால்தானே அமிலம், 8.1 காரம்தானே, அப்புறம் என்ன அமிலமாதல்? கேள்வி நியாயமானது. நாகர்கோவிலில் திருவனந்தபுரம் பஸ் ஏறியவர் இன்னும் தக்கலைகூடத் தாண்டவில்லை என்றாலும் எங்கே போகிறார் என்று கேட்டால் திருவனந்தபுரம் போகிறார் என்றுதான் சொல்வோம். அமிலமாதல் என்பதும் போகிற திசைக்கு வைத்த பெயர். இந்தக் கடல் பஸ் களியக்காவிளை எல்லையைக்கூடத் தொடாது, ஆனால் ஃபோராம்களுக்குத் தக்கலையிலேயே பிரச்சினை வந்துவிடுகிறது.

எப்படி என்று பார்க்க, அந்தக் கறுப்புத் தாள் மணலில் பாதியை ஒரு கிண்ணத்தில் போட்டு எலுமிச்சை பிழிந்தேன். சிப்பித் தூள் மேல் குமிழி குமிழியாக நுரை வந்தது, காதை வைத்தால் சன்னமாகச் சத்தம்கூடக் கேட்டது. இன்னொரு கிண்ணத்தில் மணவாளக்குறிச்சிக் கறுப்பு மணல், அதில் ஒரு சலனமும் இல்லை. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு நல்ல வித்தைதான். ஆனால் இந்த வித்தைதான் ஆட்களைக் குழப்பியும் விட்டது என்று நினைக்கிறேன். எலுமிச்சைச் சாற்றின் பி.ஹெச். இரண்டு சொச்சம். கடல் அந்தப் பக்கமே போகப் போவதில்லை. கடலில் சிப்பி நுரைத்துக் கரைவதில்லை, அங்கே நடப்பது அதைவிட மெதுவான, கண்ணுக்குத் தெரியாத காரியம்.

பனங்கற்கண்டு போடுகிற முறை தெரிந்தவர்களுக்கு இது எளிது. அக்கானியைக் காய்ச்சிப் பாகு பதத்தில் பானையில் ஊற்றி, நூல் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்தால் நூலில் கற்கண்டு பிடிக்கும். பாகு நீர்த்திருந்தால் பிடிக்காது, ரொம்ப நீர்த்திருந்தால் பிடித்த கற்கண்டும் திரும்பக் கரையும். கடல் நீரில் பாகுக்குப் பதில் கால்சியமும் கார்பனேட்டும். கால்சியம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கிறது, குறைவது கார்பனேட். கரியமிலவாயு கரைந்து உண்டாகும் ஹைட்ரஜன் அயனி சும்மா இருப்பதில்லை, கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட்டாக்கிவிடுகிறது. பாகு நீர்க்கிறது. ஓடு கட்டுவதற்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது.

அந்த உழைப்பு என்னவென்பது சமீப காலத்தில்தான் தெளிவாகியிருக்கிறது. ஃபோராம் தனக்கு வெளியே கடலில் இருக்கிற நீரை அப்படியே நம்பி ஓடு கட்டுவதில்லை. புது அறை கட்டும் இடத்தில் ஹைட்ரஜன் அயனிகளை இறைத்து வெளியே தள்ளி, உள்ளே பி.ஹெச். அளவை 9-க்கு மேல் கொண்டுபோய்விடுகிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுகிற அதே காரியம், ஒற்றைச் செல்லுக்குள். 2017-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வில், அறை கட்டிக்கொண்டிருக்கும் ஃபோராமைச் சுற்றியுள்ள நீர் ஏழுக்கும் கீழே அமிலமாவதைப் படம்பிடித்தே காட்டினார்கள், அந்த அளவுக்கு இறைக்கிறது. அந்த உயிரின் பெயர் அம்மோனியா, உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆட்டுக்கொம்பு போலச் சுருண்டிருப்பதால் கொம்புள்ள அம்மோன் என்ற எகிப்தியத் தெய்வத்தின் பெயர் வந்து ஒட்டியது. வெளியே அமிலம் கூடினால் இறைக்க வேண்டியதும் கூடும். கிணற்றுத் தண்ணீர் கீழே போகப் போக மோட்டாருக்குக் கரண்ட் கூடுதலாகச் செலவாவது போல. தீனி தாராளமாகக் கிடைக்கிற இடத்தில் சமாளிக்கும், கிடைக்காத இடத்தில் ஓடு மெலியும், குட்டிகள் குறையும். ஆய்வகத் தொட்டிகளில் சில இனங்களுக்கு ஒன்றுமே ஆகாததும், சில இனங்கள் நொடித்துப் போவதும் ஓரளவு இதனால் இருக்கலாம். எல்லா ஃபோராமும் சாகப்போகிறது என்று யாராவது எழுதினால் அவர் பாதிதான் படித்திருக்கிறார்.

யார் முதலில் நொடிப்பார்கள் என்பது பெரும்பாலும் வீட்டுக்குப் போட்ட சாமானைப் பொறுத்தது. பீங்கான் மாதிரி வெள்ளை வெளேரென்று ஓடு கட்டும் மிலியோலிட் வகைகள் மக்னீசியம் அதிகமாகக் கலந்த கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தைப் பயன்படுத்துகின்றன, பார்க்க அழகு, கரைவதில் முதல் ஆள். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஓட்டுக்காரர்களில் பலர் மக்னீசியம் குறைந்த கால்சைட், கொஞ்சம் தாங்கும். மூன்றாவது கூட்டம் ஒன்று உண்டு, அவர்கள் சுண்ணாம்பை நம்புவதே இல்லை. அவர்களைக் கடைசியில் பார்ப்போம்.

வருங்காலக் கடலை இப்போதே பார்க்க இயற்கையே சில இடங்களைத் திறந்து வைத்திருக்கிறது. பப்புவா நியூ கினியில் மில்ன் பே பகுதியிலும், இத்தாலியில் நேப்பிள்ஸ் அருகே இஸ்கியா தீவிலும் எரிமலைக் கசிவால் கடலடியில் இருந்து கரியமிலவாயு குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கிறது, சோடா பாட்டில் திறந்த மாதிரி. பப்புவாவில் அந்தக் குமிழிகளை நோக்கி நெருங்க நெருங்க ஃபோராம்கள் குறைந்துகொண்டே போய், பி.ஹெச். 7.9-க்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மிஞ்சிக் கிடந்த ஓடுகளும் அரித்துக் குழிவிழுந்தவை. இதை 2013-ல் வெளியிட்டார்கள். நூற்றாண்டு முடிவுக்குச் சொல்லப்படுகிற 7.8-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மிதக்கிற ஃபோராம்களிலும் இதன் சாயல் தெரிகிறது. 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற கப்பல் உலகைச் சுற்றிச் சேகரித்த ஓடுகள் லண்டன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அண்மையில் அள்ளிய ஓடுகளோடு ஸ்கேன் செய்து ஒப்பிட்டபோது, ஓர் இனத்தில் இன்றைய ஓடு 76 சதவீதம் வரை மெலிந்திருந்தது. வெப்பமும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கும், அமிலத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது.

இனி நம் கடல். குமரி மாவட்டத்துக்கு மீன்பிடித் தடைக்காலமே இரண்டு. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் முழுக்க, ஜூலை முழுக்க. இந்த மேற்குக் கரைத் தடை நடக்கிற ஆனி, ஆடி மாதங்களில்தான் கடலுக்குள் இன்னொன்று நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேல் நீரைக் கரையை விட்டுத் தள்ள, அடியில் இருந்து குளிர்ந்த நீர் மேலே ஏறி வரும். குமரி முனைப் பக்கம் தொடங்கி அப்படியே கேரளக் கரை வழியாக வடக்கே நகரும். மீன்வளத்துக்கு இது அமுதம், உரச்சத்தோடு வருகிற நீர், அதில் பாசி பெருகி, பாசியைத் தின்று சாளையும் நெத்தோலியும் பெருகும். ஆனால் அடியில் அழுகல் செரித்த நீர் என்பதால் அதில் ஆக்சிஜன் குறைவு, கரியமிலவாயு அதிகம், பி.ஹெச். இயல்பாகவே தாழ்வு. அதாவது நம் கடலடி ஃபோராம்கள் வருஷத்துக்குச் சில வாரம் ஏற்கெனவே நீர்த்த பாகில்தான் வாழ்ந்து பழகியவை. பழகியவர்கள் தாங்குவார்கள் என்று ஒரு கட்சி சொல்லும், ஏற்கெனவே விளிம்பில் நிற்கிறவனை இன்னும் ஓர் அடி தள்ளினால் போதும் என்று இன்னொரு கட்சி சொல்லும். எனக்கு இரண்டாவது கட்சியில்தான் சாய்வு. காற்றில் இருந்து வருகிற கூடுதல் வாயு வருஷம் முழுக்கச் சேர்கிறது, ஆடியில் அது ஏற்கெனவே தாழ்ந்த நீரின் மேல் போய் உட்காரும்.

சாய்வுக்குக் காரணம் ஓரிகானில் நடந்தது. அமெரிக்காவின் அந்த மேற்குக் கரையிலும் நம்மைப் போல அடிநீர் மேலேறும். 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே ஒரு பொரிப்பகத்தில் ஆளி சிப்பிக் குஞ்சுகள் கோடிக்கணக்கில் செத்தன. முதலில் நோய் என்று தேடினார்கள். கடைசியில் பார்த்தால், அடிநீர் மேலேறுகிற நாட்களில் குழாயில் வந்த நீரில் கார்பனேட் போதவில்லை, பிறந்த இரண்டாம் நாளிலேயே ஓடு கட்டியாக வேண்டிய குஞ்சுகள் கையிருப்புச் சத்தையெல்லாம் அதிலேயே தொலைத்துவிட்டுச் செத்திருக்கின்றன. என்ன செய்தார்கள் தெரியுமா? உள்ளே வரும் நீரில் சோடா காரத்தைக் கலந்தார்கள். குஞ்சுகள் பிழைத்தன. எந்தப் பனையேறியும் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார்.

உடனே இங்கே, கடியப்பட்டணத்திலும் இனயத்திலும் பாறையில் சிப்பி குறைவதும் இதனால்தானா என்று கேட்பார்கள். அவசரப்பட வேண்டாம். நம் கரையில் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டதால் மணல் இடம் மாறியது, குஞ்சுச் சிப்பியையும் சேர்த்துச் சுரண்டுவது, ஆற்றுமுகத்தில் சாக்கடை என்று கைக்கெட்டுகிற காரணங்களே வரிசை கட்டி நிற்கின்றன. மணக்குடிக் காயல் போன்ற இடங்களில் பகலில் பாசி வாயுவை உறிஞ்சுவதாலும் சேறு அழுகுவதாலும் பி.ஹெச். ஒரே நாளில் ஏறி இறங்கும், உலகம் முழுக்கக் காயல்களில் அம்மோனியா போன்ற முரட்டு இனங்கள் அதிகம் குடியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எல்லாவற்றையும் கரியமிலவாயு தலையில் கட்டினால் உள்ளூரில் பதில் சொல்ல வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

பொரிப்பகத்துக்குக் காரம் போட்ட மாதிரி மொத்தக் கடலுக்கும் சுண்ணாம்பு போட்டால் என்ன என்றும் ஆட்கள் தீவிரமாகவே யோசிக்கிறார்கள். இடிக்கிற இடம் காளவாசல். சுண்ணாம்புக் கல்லையோ சிப்பியையோ நீற்றினால் அதில் இருந்தே கரியமிலவாயு வெளியே போகும், விறகுப் புகை தனி. அந்த வாயுவைப் பிடித்து அடைக்காவிட்டால் ஒரு கையில் கொடுத்து மறு கையில் பிடுங்குகிற கதை.

உண்மையில் கடலுக்கு இந்த ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. ஆழ்கடல் தரையில் ஏறக்குறைய பாதிப் பரப்பில் சுண்ணாம்புச் சேறுதான் மூடிக் கிடக்கிறது, மேலே மிதந்து செத்த ஃபோராம்களும் நுண்பாசிகளும் கொட்டிய ஓடுகள். கலயத்தின் உட்பக்கம் தடவிய பூச்சு அதுதான். அமிலநீர் கீழே இறங்கும்போது இந்தப் பூச்சு கரைந்து அமிலத்தை முறிக்கும், வட அட்லாண்டிக்கின் சில ஆழங்களில் மனிதர் விட்ட வாயுவால் அது கரைய ஆரம்பித்துவிட்டதையும் கணக்கிட்டிருக்கிறார்கள். முறிக்கும், ஆனால் அதன் வேகத்தில். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் ஒருமுறை சில ஆயிரம் ஆண்டுகளுக்குள் ஏராளமான கரியமிலவாயு காற்றில் ஏறியது. அந்தக் காலத்துக் கடலடியைத் துளைத்து எடுத்த மண் தூணில் வெள்ளைச் சுண்ணாம்புக்கு நடுவில் திடீரென்று செம்பழுப்புக் களிமண் பட்டை, ஓடு எல்லாம் கரைந்து அழுக்கு மட்டும் மிஞ்சிய இடம். வெப்பம், ஆக்சிஜன் பஞ்சம், அமிலம் மூன்றும் சேர்ந்து ஆழ்கடலடி ஃபோராம் இனங்களில் 30 முதல் 50 சதவீதம் வரை அழிந்துபோயின. களிமண் மேல் மறுபடி வெள்ளை ஏறப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆனது. இப்போது நாம் வாயுவை விடுகிற வேகம் அன்றையதைவிட அதிகம்.

கடைசியில் சொல்கிறேன் என்ற அந்த மூன்றாவது கூட்டம். இஸ்கியாவில் குமிழிகளுக்கு வெளியே சாதாரண நீரில் 24 ஃபோராம் இனங்கள் இருந்தன, பி.ஹெச். 7.8 பக்கம் வந்த இடத்தில் நாலே நாலு. அந்த நாலும் சுண்ணாம்பு ஓட்டுக்காரர்கள் இல்லை, மணலை ஒட்டிக் கட்டுகிறவர்கள். அக்கம்பக்கத்தில் கிடக்கிற துகள்களைப் பொறுக்கி, தன் உடம்பில் சுரக்கும் பசையால் கல் மேல் கல் வைத்துக் கட்டும் கொத்தனார்கள். இந்தக் கூட்டத்தில் சிலர் கண்டதையும் எடுக்க மாட்டார்கள், ஓர் இனம் கடற்பஞ்சின் ஊசிகளை மட்டும் எடுக்கும், ஓர் இனம் மைக்காச் சில்லுகளை, வேறு சில கனமான கனிமத் துகள்களாகத் தேடிப் பிடிக்கும். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தென்னங்கயிற்றில் ஒட்டி வந்த மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுபிடித்ததில் இருந்து நம் மணவாளக்குறிச்சி மணலுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள், இல்மனைட்டும் சிர்க்கானும் கார்னெட்டும் வேண்டும் என்று. சொத்தவிளை மணலில் மிச்சம் இருந்ததை நேற்று மறுபடி லென்ஸில் பார்த்தேன். சுருண்ட வெள்ளை ஓடு இன்னும் இரண்டு கிடைத்தது. கறுப்புத் துகளும் சிவப்புத் துகளும் ஒட்டிச் சேர்த்த உருண்டை ஒன்றும் கண்ணில் பட்டது, ஊசி முனையால் தட்டிப் பார்த்தேன், உதிரவில்லை.